மட்டையா, சூட்கேசா: ரூ பெர்தொனேயில் ஒரு கோடைகாலம்

கிரிக்கெட் மட்டை விற்கிறவனுக்கு முதலில் வேண்டியது நல்ல காது. மட்டை வாங்க வருகிறவர் ஐந்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். வாங்காதவர்தான், உலகக் கிரிக்கெட் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லி முடிக்கும்வரை போகமாட்டார். துணிக்கடையிலோ ஃபோன் கடையிலோ நாள் முழுக்க நின்று கால் கடுத்தவர் என்றால் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரூ பெர்தொனே என்கிற தெருவில், நகைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் நெரிபட்டு நிற்கிற விளையாட்டுச் சாமான் கடையில் பதினொரு வருடமாக நிற்கிறேன்.

முதலாளியின் கேள்வி

எங்கள் முதலாளி மோகன் அண்ணை புறநகரான பொண்டியில் வீடு வாங்கி இருக்கிறவர். ஊரில் கரப்பந்து ஆடினவர். கிரிக்கெட் அவருக்குத் தெரியாது, தெரியாது என்பதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை வந்தார். மட்டைகளும் கால்காப்புகளும் தொங்குகிற பின்சுவரை மேலும் கீழும் பார்த்தார். ஊருக்குப் போகிற சனம் கூடிவிட்டது, அந்தச் சுவர் முழுக்கச் சூட்கேஸ் அடுக்கினால் என்ன என்று கேட்டார்.

மட்டை போனால் நானும் போகவேண்டும். அவருடைய மற்ற வியாபாரம் உறைந்த மீன். அந்தக் குளிர் அறையில் ஒரு முறை இரண்டு நாள் வேலை செய்தேன். வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறக்காமல் உள்ளே நின்றே கதைத்தா. ஆகவே, கிரிக்கெட்டுக்கு நல்ல காலம் வருகிறது, கொஞ்சம் பொறுங்கோ என்று கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“அப்ப வாற சனத்தை வடிவா விசாரிச்சு, செப்டெம்பருக்குள்ளை சொல்லு. எதிர்காலம் இருந்தால் மட்டை, இல்லாட்டில் சூட்கேஸ்.”

நாலு நிறச் சட்டை

முதலில் அகப்பட்டவர் சுதா. ரூ லூயி-பிளாங்கில் ஒரு உணவகத்தில் தோசைக்கல்லுக்கு முன்னால் இருபது வருடமாக நிற்கிறவர். அவருக்கு ஒரு வேகப்பந்து வீரர் மீது அப்படியொரு பக்தி. அந்த வீரர் விளையாடும் அணியின் மஞ்சள் சட்டை வேண்டும் என்றார். எடுப்பித்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அவர் வேலைக்குப் போய் மூன்று கிழமை ஆகவில்லை. வீரர் வேறு நாட்டில் வேறு லீக்கில் ஊதாச் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார். சுதா ஊதாவும் எடுத்தார். அடுத்தது பச்சை. அது வந்த அன்றைக்கு அந்த வீரர் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். சுதா கண் கலங்கிப்போய், முதுகில் உள்ள பெயரைப் பிரித்தெடுக்க வழியுண்டா என்று கேட்டு வந்தார். நான் கத்தரிக்கோலைத் தேடி எடுப்பதற்குள், அந்த வீரர் ஓய்விலிருந்து திரும்பி வந்துவிட்டதாகச் சுதாவின் ஃபோனில் செய்தி வந்தது. இந்த முறை நீலச் சட்டை.

இதுதானே இன்றைய கிரிக்கெட் என்று நான் ஆறுதல் சொன்னேன். நாட்டுக்கு விளையாடுவது விடுமுறையில்தான், மற்ற நாளெல்லாம் லீக் என்றேன். சுதா பச்சைச் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த மனிதன் தன் வதிவிட அட்டைக்காக எட்டு வருடம் அலைந்தவர். கடைசியில் மெல்லக் கேட்டார்:

“ஒரு வருசத்திலை நாலு நாட்டிலை நாலு பேரிட்டை வேலை செய்யிறான். இவனுக்கு ஆர் அண்ணை பேப்பர் செய்து குடுக்கிறது?”

ஆறுதல்

எங்கள் ஆட்களில், அதாவது இலங்கைத் தமிழரில், பாதிப் பேர் இலங்கைக்கு ஆதரவு. மற்றப் பாதி, இலங்கைக்கு எதிராக யார் விளையாடினாலும் அவர்களுக்கு ஆதரவு. ஆனால் இலங்கை தோற்ற மறுநாள் இரண்டு பாதியின் முகமும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஏனென்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

இலங்கையை ஆப்கானிஸ்தான் வென்ற ஒரு மறுநாள் அது. நாலைந்து பேர் கடைக்குள் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பந்துகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது கட்டிட வேலை செய்கிற ஆப்கான் இளைஞர் ஒருவர் ஒட்டுநாடா சுற்றிய பந்து வாங்க வந்தார். அவருக்கும் எங்களுக்கும் பொதுவான மொழி அரைகுறைப் பிரெஞ்சு. கூட்டத்தைப் பார்த்தார், விஷயம் விளங்கிவிட்டது. பெருமையடிக்கப் போகிறார் என்று எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். அவரோ நெஞ்சில் கை வைத்து, செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். பிறகு சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“கவலைப்படாதேங்கோ. நாங்களும் முந்தி இப்பிடித்தான் இருந்தனாங்கள். விளையாடப் பழகினால் எல்லாம் சரிவரும்.”

ஐந்து நாள் வேலை

ஞாயிறு தோறும் முதலாளி ஃபோன் எடுத்து, ஓமா இல்லையா என்பார். சட்டைக் கதை சொன்னால், அப்ப இல்லை என்பார். ஆப்கான் கதை சொன்னால், அவர்களுக்கு இருக்கு, உனக்கு இல்லை என்பார். இப்படி நான் மீனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு பிரெஞ்சு மதாம் கடைக்குள் வந்தா. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் வருகிறதாம், பிள்ளைகளுக்கு இப்போதே காட்டவேண்டும், இது என்ன விளையாட்டு என்று கேட்டா.

மூன்று மணி நேரத்தில் முடிகிற டி-20 பற்றி என் பிரெஞ்சில் விளக்கினேன். தலையாட்டினாவே தவிர, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாய் சும்மா இராமல் டெஸ்ட் மட்ச் பற்றியும் சொன்னேன். சொல்லத் தொடங்கியதும் பயம் வந்துவிட்டது. ஐந்து நாள் விளையாடி முடிவில்லாமலும் போகலாம் என்று எந்தப் பிரெஞ்சுக்காரரிடம் சொல்லியும் நான் நல்ல பேர் எடுத்ததில்லை. மதாமோ கைப்பையிலிருந்து கொப்பி எடுத்து எழுதத் தொடங்கிவிட்டா. இடைவேளைகளை இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்தா. பன்னிரண்டு பிளாஸ்டிக் மட்டைகளைக் கட்டச் சொல்லிவிட்டு, கொப்பியைப் பார்த்து வாசித்தா:

“ஐந்து நாள் வேலை. நடுவில் மதியச் சாப்பாடு, தேநீர். வெளிச்சம் குறைந்தால் வேலை நிறுத்தம். கடைசியில் யாருக்கும் தோல்வி இல்லாமலும் முடியலாம். மிசியே, இதைப் பிரெஞ்சுக்காரர்கள் அல்லவா கண்டுபிடித்திருக்க வேண்டும்?”

உலகத்தில் இரண்டாவது

பன்னிரண்டு பிளாஸ்டிக் மட்டையை எதிர்காலம் என்று சொல்லேலாது என்றார் முதலாளி. நான் மிசியே அந்துவானிடம் போய் நின்றேன். அதாவது, எங்கள் கடையில் உள்ள ஒரே கதிரையில் அவர்தான் இருப்பார், திரும்பினால் போதும். பாண்டிச்சேரிக்காரர், அரசாங்க வேலையில் இருந்து இளைப்பாறியவர். டி-20 என்றால் அது சாப்பாட்டுக்கு முன் குடிக்கிற வெறும் அப்பெரிதீஃப், சாப்பாடு டெஸ்ட் மட்ச்தான் என்பார். அவர் எங்களிடம் வாங்கியது ஒரு வெள்ளைத் தொப்பி மட்டும். அதை மெத்ரோவிலும் கழற்றமாட்டார்.

பிரான்சில் கிரிக்கெட்டுக்கு எதிர்காலம் உண்டா ஐயா என்றேன். இருக்கிற பெருமையே உனக்குத் தெரியாதே என்று அவர் கதிரையில் நிமிர்ந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டு, இதே பாரிசில் நடந்த ஒலிம்பிக்கில், கிரிக்கெட்டுக்கு வந்தவை இரண்டே அணிகள். பிரிட்டன் வென்றது, பிரான்ஸ் தோற்றது. பிரான்ஸ் அணியில் ஆடியவர்களிலும் அநேகர் இங்கே வேலைக்கு வந்த ஆங்கிலேயர்கள். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டே நடக்கவில்லை. இதில் என்ன பெருமை என்று நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

“ஒலிம்பிக்ல நாம ரெண்டாவது எடம் தம்பி. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த எடத்துலேர்ந்து நம்மள ஒரு நாட்டுக்காரனாலயும் எறக்க முடியல.”

அபிஷா

ஆகஸ்டில் முதலாளியின் மகள் அபிஷா கடைக்கு வந்தா. பதினேழு வயது. நான் தமிழில் கேட்டால் அவ பிரெஞ்சில் பதில் சொல்லுவா, இருவருக்கும் அது பழக்கம். தகப்பன் எதையோ மறந்து விட்டாராக்கும் என்று நினைத்தேன். அவ நேரே பின்சுவருக்குப் போய், மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் எடை பார்த்தா. பிடிக்கிற விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

இரண்டு வருடமாக ஒரு பெண்கள் கழகத்தில் ஆடுகிறாவாம். வீட்டில் அதற்குப் பெயர் கணக்கு ரியூஷன். இப்போது பிரெஞ்சுப் பெண்கள் அணிக்கு ஆட்களைத் தெரிவு செய்கிற ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தகப்பனின் கையெழுத்து வேண்டும். யார் கேட்பது என்று இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். நான் பயந்தவன் என்று தெரிந்ததாலோ என்னவோ, அன்றைக்கு முதல் தடவையாக என்னிடம் தமிழில் கதைத்தா:

“மாமா, அப்பாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ. நான் சொன்னால் கணக்கிலை எத்தினை மார்க்ஸ் எண்டு கேப்பார்.”

தீர்ப்பு

சொன்னேன். முதலாளி முதலில் கேட்டது கணக்கு மார்க்ஸைத்தான். அடுத்த நாள், கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஆனால் நேரில் பார்க்கவேண்டும், நீயும் வந்து விளக்கு என்றார். பாரிசுக்கு வெளியே ஒரு மைதானம். மடக்குக் கதிரை, குடை, சாப்பிட ஒரு பெட்டி ரோல்ஸ் எல்லாவற்றோடும் வந்திறங்கினார். அபிஷா ஒரு பந்தை எல்லைக்கு அடித்தபோது, பிள்ளை ஏன் ஓடாமல் நிற்கிறது என்று கவலைப்பட்டார். ஓடத் தேவையில்லை, நாலு ஓட்டம் என்றேன். அவர் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த பந்து கால்காப்பில் பட்டது. நடுவர் விரலை உயர்த்தினார். அபிஷா மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தா. கால் அங்கே இராவிட்டால் பந்து விக்கெட்டில் பட்டிருக்கும், அதனால் அவுட் என்று விளக்கினேன். பட்டிருக்கும் என்பதற்கு எப்படி வெளியே அனுப்பலாம் என்று அவர் எழுந்தார். நானும் இன்னொரு தகப்பனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இருத்தினோம்.

அன்று பின்னேரம் அபிஷா நன்றாகப் பந்து வீசினா, தெரிவும் ஆகிவிட்டா. முதலாளிக்கு அது காதில் ஏறவில்லை. திங்கட்கிழமை கடை திறக்கமுன் வாசலில் நின்றார். விக்கெட் கட்டைகளை எடுத்துக் கடை நடுவில் நிறுத்தி, என்னை முன்னால் நிற்கவைத்து, ஃபோனில் எடுத்த வீடியோவை வருகிற சனத்துக்கெல்லாம் காட்டினார். மிசியே அந்துவான் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப்போட்டு, நடுவர் சொன்னது சரி என்றார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவர் அதற்குள் வாங்கிவைத்திருந்த சூட்கேஸ்கள் ரூ லூயி-பிளாங்கில் பயண முகவரான ஒரு நண்பரின் கடைக்குப் போய்விட்டன. மட்டைகள் சுவரிலேயே இருக்கின்றன. செப்டெம்பர் வந்ததும், நான் விசாரித்ததையெல்லாம் ஒழுங்காகச் சொல்லுவோம் என்று ஆரம்பித்தேன். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்:

“எதிர்காலம் இருக்கோ இல்லையோ, அது எனக்குத் தேவையில்லை ரவி. அது அவுட் இல்லை.”

ஒரு விளையாட்டு நிலைக்குமா என்று அறிய உலகத்தை விசாரிக்கத் தேவையில்லை, சொந்தப் பிள்ளையை யாராவது ஒருவர் அவுட் என்று சொன்னால் போதும் என்பதுதான் இந்தக் கோடையில் நான் கற்றுக்கொண்ட வியாபாரம்.