வெள்ளிக்கிழமைக் கூடை

பள்ளியில் விளையாட்டு வகுப்பு வந்தால் எனக்கு ஒரு பதவி கிடைத்துவிடும். மற்ற பெண்கள் கோகோ ஆடுவார்கள். நான் வேப்பமரத்தடியில் அவர்களுடைய கொலுசுக்கும் வாட்சுக்கும் காவல். சிறுவயதிலிருந்தே எனக்கு இழுப்பு. ஓடினால் மட்டுமல்ல, அடக்கமாட்டாமல் சிரித்தாலும் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். தோழிகள் நல்ல ஜோக் சொல்லும் முன், "ஏய், பம்ப எடுத்து வச்சுக்கிறியா? சொல்லப் போறேன்" என்பார்கள். ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் மூச்சு இழுப்புக்கு வாயில் அடித்துக்கொள்ளும் அந்த நீல பம்பு கிடக்கும்.

எரியோடு ஊருக்குப் பக்கத்தில் எங்களுக்கு முருங்கைத் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பிளஸ் டூ வரை வந்த முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்கு இன்னும் உண்டு. மேலே படிக்க மதுரையில் விடுதியில் தங்க வேண்டும். அப்பா மறுக்கவில்லை. "அங்க ஒனக்கு இழுத்தா யாருத்தா கூட உக்காருவா?" என்று மட்டும் கேட்டார். இழுக்கும்போதெல்லாம் என் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்காருகிறவர் அவர்தான்.

அம்மாவின் கவலை எல்லாம் என் தலைமுடி. "தலையில ஈரம் நின்னா சளி எறங்கும், சளி எறங்குனா இழுக்கும்" என்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைக்கு ஊற்றியதும், தணலில் சாம்பிராணி போட்டு மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் என் முடியைப் பரப்பிவிடுவார். ஒரு முடிகூட ஈரமாக இருக்கக் கூடாது. அவர் விரல்கள் என் தலைக்குள் அலையும் அந்த நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சனிக்கிழமைதோறும் எங்களுக்குச் சிறப்புத் தேர்வு. ஒருநாள் வகுப்பு டீச்சர், "ஒன் இழுப்பு கூட சனிக்கிழமை பாத்துத்தான் வருமா?" என்று கேட்க, வகுப்பே சிரித்தது. அழுகையோடு வீட்டுக்கு வந்து, விடுப்பு எடுத்த நாள்களைக் காலண்டரில் வட்டமிட்டேன். டீச்சர் சொன்னது சரிதான். வட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக சனிக்கிழமையிலேயே நின்றன. பார்த்ததும் முந்தின நாள் கூடை ஞாபகம் வந்தது. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த முறை திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வீட்டில் புகை உண்டா என்று டாக்டரம்மா கேட்டார்.

"பொகையா? இவளுக்காகவே வெறகடுப்ப இடிச்சுட்டோம்மா. கொசுவத்தி கெடையாது. இவ அப்பா பீடிய விட்டே ஏழு வருசமாச்சு" என்றார் அம்மா, பெருமையாக. எல்லாம் நிஜம்.

நான் தரையைப் பார்த்தபடி, "சாம்பிராணி" என்றேன்.

"அது பொகையாத்தா? அது மருந்துல்ல!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இந்த நெஞ்சுக்கு எல்லாப் புகையும் ஒன்றுதான் என்று பொறுமையாகச் சொல்லி, தினமும் இழுக்க இன்னொரு பம்பும் எழுதிக் கொடுத்தார். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மா, "இம்புட்டு நாளும் நாந்தானா?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை என்னை மொட்டை மாடி வெயிலில் உட்காரவைத்து, துண்டால் தட்டித் தட்டி ஒரு மணி நேரம் முடியை உலர்த்தினார். கூடை கோழிக்குஞ்சுகளை மூடப் போய்விட்டது. மறுநாள் தேர்வு எழுதினேன். அடுத்த சனிக்கிழமையும் எழுதினேன். மார்கழிப் பனியில் இரண்டுமுறை இழுத்தது, பம்போடு அடங்கியது. காலண்டரில் வட்டம் குறைவதை அப்பா தினமும் வந்து பார்ப்பார். விடுதி விண்ணப்பம் வந்தபோது, அவராகவே மை டப்பாவைத் தேடி எடுத்துவந்து பெருவிரலை அழுத்தினார்.

இப்போது விடுதியில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா போன் செய்வார்.

"தலை காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சும்மா. வெயில்லதான்."

"சரி, செத்த நேரம் பேசாம மூச்சு விடு. ஒங்கப்பா கேக்கணுமாம்."

போனை வாயருகே பிடித்து மூச்சு விடுவேன். அந்தப் பக்கம் இருவரும் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.