வாகீசனின் குரல் பதிவு

வட்டுக்கோட்டைப் பக்கத்தில் இரும்பு கேற் வேண்டுமென்றால் வாகீசனிடம்தான் போவார்கள். ஐம்பத்தைந்து வயது, கலியாணம் கட்டவில்லை, நெருப்புப் பறக்க இரும்பு ஒட்டுகிற வேலை பார்த்துப் பார்த்து எந்நேரமும் சிவந்த கண். எங்கள் ஊர் ஹொக்கி மைதானத்தின் இரண்டு கோல் கம்பங்களும் அவன் சும்மா ஒட்டிக் கொடுத்தவைதான். இப்போது ஊரில் அவனுக்கு வாய் கெட்டவன் என்று பெயர். அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு யோக்கியதையும் இல்லை. ஆனால் நடந்தது முழுக்கத் தெரிந்தவன் நான்தான்.

படிக்கிற காலத்தில் வாகீசன் பள்ளிக்கூட ஹொக்கி அணியில் இரண்டு வருசம் இருந்தான். இருந்தான் என்றால் எல்லைக் கோட்டுக்கு வெளியே போட்ட வாங்கில் குந்தியிருந்தான். மாற்று ஆள். ஒரு நாளும் அவனை உள்ளே இறக்கவில்லை. அதனாலோ என்னவோ, எந்த அணியைப் பார்த்தாலும் முதலில் வாங்கில் இருப்பவர்களைத்தான் எண்ணுவான். எங்கள் கழகத்தின் இருபது வயதுக்குட்பட்ட பெண்கள் அணியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துவிட்டான். மொத்தம் பதின்மூன்று பிள்ளைகள். மாற்று ஆட்கள் இரண்டே பேர். அதில் ஒருத்திக்கு மூச்சு இழுப்பு, மற்றவள் கோல் காக்க மட்டும் பழகியவள்.

அந்தப் பதின்மூன்று பிள்ளைகளும் போன வருசம் மாவட்டச் சுற்றில் ஒரு ஆட்டமும் தோற்காமல் வந்தார்கள். சுவிஸிலும் கனடாவிலும் இருக்கிற எங்கள் ஊர்ச் சனம் மட்டைகள் வாங்கி அனுப்பியது. கூடவே ஒரு வட்ஸ்அப் குழுவும் தொடங்கியது. ஆட்டத்தை அங்கிருந்து பார்க்க வழியில்லை. ஆகவே வாகீசன் எல்லைக் கோட்டில் நின்று கைபேசியில் பேசிப் பேசிக் குரல் பதிவாக அனுப்புவான். அப்படியொரு குரல் அவனுக்குள் இருந்தது எங்களுக்கே அதுவரை தெரியாது. பனிக்குளிர் தேசத்து உணவுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டு நிற்கிறவன், ஊர் மைதானத்துப் புழுதி மூக்கில் ஏறுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதுவான். "வாகீசண்ணை, அடுத்தது எப்ப?" என்று முந்நூறு பேர் கேட்பார்கள். வாழ்க்கையில் யாரும் அவனுக்காகக் காத்திருந்ததில்லை. மனுசன் அந்த மாதங்களில் சவரம் செய்த முகத்தோடு திரிந்தான்.

ஆட்டம் முடிந்தபின் அவனுடைய பட்டறையில் நாங்கள் மூன்று பேர் கூடி வாயால் அடிபடுகிற கதையையும் குழுவுக்குக் கேட்க ஆசை. கைபேசியைப் பெயின்ற் தகரத்தில் சாய்த்து, பதிவு நிற்காமல் ஓடும்படி பூட்டி வைத்துவிட்டுக் கதைப்போம். வாகீசன், சங்கக்கடையில் மனேச்சராக இருந்து இளைப்பாறிய நான், யாழ்ப்பாணம் ரவுணிலிருந்து பழைய இரும்பு கொண்டு வருகிற றஹீம் நானா. எங்களில் பெரிய வாய் எனக்குத்தான். ஆனால் என் குரல் மெல்லியது. தகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவன் வாகீசன். தகரத்தின் எதிரொலியில் வெளிநாட்டுக்காரருக்கு எல்லாக் குரலும் அவன் குரல்தான்.

கடைசி லீக் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்தது. அரை இறுதிக்கு வந்துவிட்டோம். அதிலிருந்து விலகல் சுற்று. தோற்றால் வீடு. அன்று பின்னேரம் பட்டறையில் பெரிய அடிபாடு.

"உந்தப் பிள்ளையள் அரை இறுதிக்குக் காணாது," என்றான் வாகீசன். "கடைசிக் கால்வாசியிலை மூச்சு வாங்கிக்கொண்டு நிக்குதுகள். மாத்தி இறக்க ஆள் எங்கை?"

"காலிலை சக்தி இல்லாமல் இல்லை, மனசிலை இல்லை," என்றேன் நான். "தனுசியாவைப் பாருங்கோ. போன மாதம் மைதானம் முழுக்க ஓடினவள். இண்டைக்கு நடுவிலை நட்ட கட்டை மாதிரி நிக்கிறாள்."

தனுசியா எங்கள் அணியின் நடு ஆட்டக்காரி. பத்தொன்பது வயது. அவள் மட்டையில் பந்து பட்டால் அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போகும். அன்று அவள் ஓடவில்லை என்பது உண்மை.

றஹீம் நானா தலையை ஆட்டினார். "அவள் சும்மா நிக்கேல்லை. இடது பக்கம் நிக்கிற சின்னப் பிள்ளை புதுசு. அவளைத் தாண்டி வாற பந்தை எல்லாம் தனுசியாதான் மறிச்சவள். நான் எண்ணினனான், ஏழு தரம்."

அந்த மனுசன் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். நான் அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. ஆனால் கதையில் தோற்க எனக்குப் பிடிக்காது. கைபேசியில் பதிவாகிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, சிரிப்புக்காக, முன்னுக்குச் சரிந்து சொன்னேன்:

"அவளின்ரை கண் பந்திலை இல்லை நானா. வெளியிலை ஆரோ மோட்டச்சைக்கிளிலை வந்து நிக்கிறான் போலை."

ஒருவனும் வந்து நிற்கவில்லை. நானாகக் கட்டின கதை. வாகீசன் வெடித்துச் சிரித்தான். றஹீம் நானா சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்போடேயே பதிவு முந்நூறு பேருக்கும் போனது. சொன்னதும் வாகீசன்தான் என்றே கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

முந்நூறு பேரில் ஒருவன் கஜானன். தனுசியாவின் தமையன், சுவிஸில் இருக்கிறவன். தகப்பன் இல்லாத வீடு, அவன் சொல்தான் அங்கே சட்டம். வெள்ளிக்கிழமை தாய் பூரணத்துக்குப் போன் எடுத்துக் கத்தியிருக்கிறான். ஊர் முழுக்க, உலகம் முழுக்க என் தங்கச்சியைப் பற்றிக் கதைக்கிறது, இனி அவள் மைதானத்துப் பக்கம் போனால் நான் உங்களோடு கதைக்க மாட்டேன் என்று. பூரணம் மட்டையைச் சாமியறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அரை இறுதி ஞாயிற்றுக்கிழமை.

செய்தி கேட்டதும் வாகீசன் என்னையும் ஏற்றிக்கொண்டு பூரணத்தின் வீட்டுக்குப் போனான். சொன்னது நான்தான் என்று அங்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

பூரணம் கேற்றைத் திறக்கவில்லை. அதுவும் வாகீசன் செய்து கொடுத்த கேற்தான். கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டாள்:

"கேற் செய்யிறவருக்கு, வீட்டுக்குள்ளை இருக்கிற பிள்ளையைப் பற்றித் தெருவிலை கதைக்கக் கூடாதெண்டு தெரியாதே?"

நான் வாகீசனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"என்ரை வாய்தான் அக்கா," என்றான். "பகிடிக்குச் சொன்னது. பிள்ளையிலை ஒரு பிழையுமில்லை. எனக்கு என்ன தண்டனை எண்டாலும் தாங்கோ. அவளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுங்கோ."

"நீர் தம்பி எண்டு நம்பித்தான் அவளை விளையாட விட்டனான்."

அவ்வளவுதான். அவள் உள்ளே போய்விட்டாள். தனுசியா யன்னலில் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் பார்த்தது வாகீசனை மட்டும்தான். நான் அவன் பக்கத்தில் நல்ல மனுசனாக நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது, "ஏன் அப்பிடிச் சொன்னனி?" என்று கேட்டேன். கேட்கவாவது எனக்கு வெட்கம் இருந்திருக்க வேண்டும்.

"உங்கடை மகளுக்குப் பேச்சுக்கால் நடக்குதெல்லே அண்ணை," என்றான். "எனக்கு ஆர் இருக்கினம்? நானும் சிரிச்சனான்தானே."

என் மகளுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தது உண்மை. இன்னொருவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி வாய் கூசாமல் கதைத்தவன் என்று பெயர் வந்தால் அந்தச் சம்பந்தம் போயிருக்கும். அவன் அதை யோசித்திருக்கிறான். நான் என் மகளைப் பற்றி யோசித்தபோதும் பூரணத்தின் மகளைப் பற்றி யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். நடுவில் ஒரு மாற்றுப் பிள்ளையை இறக்கினார்கள், இழுப்பு இருக்கிற பிள்ளையைத்தான். அரை மணித்தியாலத்தில் அவள் குந்திவிட்டாள். "நாலும் இடது பக்கத்தாலைதான் வந்தது," என்றார் றஹீம் நானா, என் முகத்தைப் பார்த்து. அவருக்கு எல்லாம் தெரியும். ஆட்டம் முடிந்தபின் பயிற்சி கொடுக்கிற கஜீவன் வாகீசனிடம் வந்தான். "அண்ணை, தனுசியாவை ஓடாமல் நடுவிலை நில் எண்டு சொன்னது நான்தான். இடது பக்கத்துக்கு வேறை ஆள் இல்லை. ஒரு வார்த்தை என்னட்டைக் கேட்டிருக்கலாமே?" வாகீசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வாங்கில் ஆள் இல்லை என்று வருசம் முழுக்கச் சொன்னவனுக்கே அந்தக் கேள்வி.

அன்றிரவே குழுவில் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். முந்தின மாதம் வாகீசண்ணை, வாகீசண்ணை என்று உருகினவர்கள்தான் வாயாலே அணியைக் கெடுத்தவன் என்று எழுதினார்கள். பிறகு குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவன் ஒரு வரி மறுமொழி போடவில்லை.

என் மகளின் கலியாணம் நல்லபடி நடந்தது. வாகீசன் வரவில்லை. மண்டபத்து வாசல் வளைவை மட்டும் முதல் நாள் வந்து ஒட்டித் தந்துவிட்டுப் போனான். இப்போது மைதானத்துக்கும் வருவதில்லை. ஒரு கோல் கம்பத்தின் கால் துருப்பிடித்துக் கழன்றுவிட்டது. வேறு ஊர் ஆளைக் கூப்பிட்டு ஒட்டினார்கள். ஒட்டு சரியில்லை, ஆடுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வருசம் குழுவுக்குக் குரல் பதிவு போடுவது நான். நிதானமான மனுசன், பொறுப்பாகக் கதைப்பார் என்று அவர்களாகவே கேட்டார்கள். நான் ஓமென்றேன். மறுத்தால் ஏனென்று கேட்பார்களே என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

போன கிழமை சந்தையடித் தரிப்பில் பஸ்சுக்கு நின்றபோது தனுசியா வந்து பக்கத்தில் நின்றாள். கையில் விசாக் கடதாசிகள் கட்டின ஒரு பைல். சுவிஸில் தமையன் பார்த்த மாப்பிள்ளை, ஐப்பசியில் பயணம் என்றாள். மட்டையை என்ன செய்தாய் என்று கேட்டேன். அலுமாரிக்குள்தான் கிடக்கிறது என்றாள். பிறகு றோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"மாமா, நீங்களும் அண்டைக்கு அங்கை இருந்தனீங்கள்தானே. வாகீசன் மாமா என்னைப் பற்றி அப்பிடிச் சொல்லலாமோ?"

பஸ் இன்னும் வரவில்லை. தரிப்பில் எங்களைத் தவிர யாருமில்லை. பெரிய வாய்க்காரனான எனக்குச் சொல்ல எவ்வளவோ நேரம் இருந்தது.

"சொல்லியிருக்கக் கூடாது பிள்ளை," என்றேன்.