புருல்சாவின் எண்ணெய்ச் சட்டி

புருல்சா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவளைப் போல நெஞ்சுரம் உள்ளவளை ஓஷ் நகருக்குப் போகும் எங்கள் சாலையில் நான் கண்டதில்லை. கிர்கிஸ்களும் உஸ்பெக்குகளும் ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்திய அந்த ஜூன் மாதத்தில், அவள் மகன் தாலாய் வெளியே போனான், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. உட்கார்ந்து அழ ஒரு குழிகூட அவளுக்கு இல்லை.

அதனால்தான், கால்வாய்ப் பாலத்தருகே இறந்தவர்களுக்கு நினைவுக்கல் நடப்போகிறார்கள் என்றதும் ஊர்க் கமிட்டியின் உயிரை எடுத்தாள்.

"கல்லுல என் புள்ள பேரு வரணும். உஸ்பெக் புள்ளைங்க பேரும் வரணும். செத்ததெல்லாம் நம்ம ஊரு புள்ளைங்கதான?"

கமிட்டியில் நானும் ஒருவன். மாதக்கணக்கில் தேநீர் குடித்து நாங்கள் கண்ட முடிவு இது: எல்லாத் தாய்மாரும் சம்மதித்தால் பெயர்கள், ஒருத்தி மறுத்தாலும் வெறுங்கல். மறுத்தது உஸ்பெக் தெரு ஹோஸியத் மட்டும்தான். அவள் மகன் ஒய்பெக்கைக் கடைவாசலிலேயே கொன்றிருந்தார்கள்.

"எங்க தெருவுக்குத் தீ வெச்ச கும்பல்ல தாலாயும் இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் புருல்சா. பெற்ற மகனுக்காக ஒரு பொய்ச்சத்தியம் செய்திருக்கலாம். செய்யவில்லை. அதற்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கல் வெறுங்கல்லாகவே நின்றது. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் காயவைத்து, மாவுத்துண்டு பொரித்து, இறந்தவர் பெயரைச் சொல்வோம். அந்த மணம்தான் அவர்களுக்குச் சோறு. கிர்கிஸ் வீட்டிலும் அப்படித்தான், உஸ்பெக் வீட்டிலும் அப்படித்தான். வீட்டு அடுப்பில் செய்கிற காரியம் அது. புருல்சாவோ, கல் நட்ட பிறகு வந்த வெள்ளியன்று, சட்டியைத் தூக்கிவந்து கல்லின் முன்னால் அடுப்பு மூட்டினாள். தாலாய் பெயரைச் சொல்லி ஒரு துண்டு போட்டாள். ஒய்பெக் பெயரைச் சொல்லி இன்னொன்று.

பாலத்துக்கு அப்பால் ஹோஸியத் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. விறுவிறுவென்று பாலத்தைக் கடந்து வந்தாள்.

"ஏன்டி, என் புள்ளைக்கு மணம் எழுப்ப உன்னை யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடலைக்கா. வீடு எரிஞ்சு நீங்க கூடாரத்துல கெடந்தப்ப, அவன் பட்டினி கெடப்பானேன்னு எங்க வீட்டு அடுப்புல ஆரம்பிச்சேன். அப்புறம் விட மனசு வரலை."

ஹோஸியத் இன்னும் கிட்டே வந்தாள். சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"பருத்திக்கொட்டை எண்ணெய். பொகை வர்றதுக்கு முன்னாடியே மாவைப் போட்டிருக்க. பச்சை வாடை அடிக்குது. இத்தனை வருஷமா இதையா அவனுக்குப் போட்ட?"

"உங்க ஒய்பெக் ஒரு நாளும் குறை சொன்னதில்லையே!"

செத்தோம் என்று நினைத்தேன். ஹோஸியத்தின் உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா, தெரியவில்லை. கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தாள். எண்ணெய் நன்றாகப் புகைந்து தெளியும்வரை காத்திருந்து, தன் மகன் பெயரைச் சொல்லிப் பொரித்தாள். அடுத்த துண்டு கையிலேயே இருந்தது.

"அன்னிக்கு உன் புள்ள எங்க நின்னான்னு எனக்குத் தெரியாது" என்றாள். "ஆனா அவனுக்கும் பசிக்கும்ல."

"புருல்சா மகன் தாலாய்" என்று சத்தமாகச் சொல்லி, மாவை எண்ணெயில் விட்டாள்.

புருல்சா கல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். ஹோஸியத் என் பக்கம் திரும்பினாள்.

"மரமாட்டம் நிக்கிற? ஓடிப்போய் கல்தச்சனைக் கூட்டிட்டு வா."