அண்ணி சொல்லாத பதில்

நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அண்ணன் பென்சிலால் ஒரு சின்னத்தை வரைந்து, பக்கத்தில் பெருக்கல் குறியும் போட்டுக் காட்டினார். “இதுக்கு நேரா இப்படிப் போடணும். புரிஞ்சுதா?” அண்ணி தலையாட்டினார்.

அப்போது அண்ணிக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி எங்கள் தேக்கா மாடிவீட்டுக்கு வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குப் பத்து வயது. ஐம்பதுகளின் கடைசியில் வந்த அந்தத் தேர்தலில் எல்லோரும் கட்டாயம் ஓட்டுப் போட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இல்லாவிட்டால் வீட்டுப் பெண்களை அப்பா அனுப்பியே இருக்க மாட்டார். வீட்டில் நாலு ஓட்டு. நாலும் தன்னுடையவை என்றே அவர் நினைத்திருந்தார்.

ஓட்டுச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்து வரிசையில் சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும் முன்னும் பின்னுமாக நிற்க, அண்ணி புதுச் சேலையில் நின்றார். வெளியே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“சரியாத்தானே போட்டே?” என்றார் அண்ணன்.

“போட்டுட்டேன்.”

“நான் காட்டினதுக்குத்தானே?”

“யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்லன்னு உள்ள ஒரு அம்மா சொன்னாங்க. உங்ககிட்டயும்தான் லா.”

அண்ணன் நடுத்தெருவில் நின்றுவிட்டார். விஷயம் வீட்டுக்குப் போனதும் அப்பா கொதித்தார். “புருஷன்கிட்ட மறைக்கிறவ செம்பவாங்குல அவ அப்பன் வீட்டுலயே இருக்கட்டும்!” அண்ணி கலங்கிய கண்களைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். “நீயாவது நான் சொன்னதுக்குப் போட்டியா?”

“குழம்புல உப்புப் பாத்துட்டு வர்றேன்,” என்று அம்மா அடுப்படிக்குப் போனார். போனவர் போனவர்தான். பின்னாலேயே அண்ணியும் போனார். உள்ளே இருவரும் சிரித்த சிரிப்பு கூடம்வரை கேட்டது. அப்பா அடுப்படிப் பக்கம் முறைத்துப் பார்த்தார். பிறகு, “சோறு உண்டா இல்லையா?” என்றார். செம்பவாங் பேச்சு அதோடு முடிந்தது.

யாருக்குப் போட்டாய் என்று இன்று என் மகளைக் கேட்க எனக்கே வாய் வராது. அன்று அந்த ஒரு பதிலைச் சொல்லாமலிருக்க ஒரு பெண் தன் வாழ்க்கையையே பணயம் வைக்க வேண்டியிருந்தது.

அறுபதுகளில் அடுத்த தேர்தல் வந்தது. அண்ணனும் அண்ணியும் நானும் நடந்து போகையில் அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீதான் தினமும் பேப்பர் படிக்கிறியே. இந்தத் தடவை யாருக்குப் போடலாம்?”

“அது உங்க ஓட்டு. நீங்களே யோசிச்சுப் போடுங்க.”

உள்ளே போன அண்ணன் திரும்பி வர வெகுநேரமானது. எப்போதோ ஓட்டுப் போட்டுவிட்டிருந்த அண்ணி, வாசலில் எனக்கும் சேர்த்துக் குடை பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார்.