தலையில் மூன்று வரம்புகள்

என் மனைவியின் தம்பிமீது நான் அபாண்டமாகப் பொய் சொன்னேன். அவன் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன்.

ஜொகூர் ஆற்று முகத்துவாரத்துக்குள் ஒரு திமிங்கலம் வந்திருப்பதாகக் கைப்பேசியில் படம் வந்தது. நான் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர். பிரைட் திமிங்கலம் என்று நண்பர்கள் குழுவில் எழுதினேன்.

"அது வெறும் டால்பின் லா, வாத்தியாரே. கண்ணாடிய மாத்துங்க," என்றார் ஒருவர்.

அதை என்னால் பொறுக்க முடியவில்லை. பிரைட் திமிங்கலத்தின் தலையில், வயல் வரப்புபோல மேடாக, மூன்று நீள வரம்புகள் இருக்கும். அவற்றைப் படம் எடுத்துவிட நினைத்தேன்.

பெர்மாஸ் ஜெயாவில் வசிக்கும் மைத்துனன் அந்த முகத்துவாரத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறான். அதில் ஏறிக்கொண்டேன். திமிங்கலத்தைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டான். எப்போதும் அப்படித்தான்; கிட்ட வருவது அதன் விருப்பம் என்பான். வெகுநேரம் முதுகு மட்டுமே தெரிந்தது.

"முன்னால போய் நிறுத்துப்பா. ஒரே ஒரு படம்."

"வேணாம் மாமா. தண்ணி வத்துது. அந்தப் பக்கம் முழுக்கச் சேறு."

"படிச்சவன் சொல்றேன், போ."

அக்காள் கணவன் சொல்லை அவன் தட்டியதில்லை. போனான்.

தண்ணீர் எங்களுக்கடியில் வீங்கியது. படகு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. "அலமாக்! புடிச்சுக்குங்க மாமா!" அழுகிய மீன் நாற்றத்தோடு அதன் மூச்சு என் முகத்தில் அடித்தது. படகுக்குள் குப்புற விழுந்து கிடந்தேன். தலையை உயர்த்தியபோது மூன்று வரம்புகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. படம் எடுக்கக் கை வரவில்லை. எங்களிடமிருந்து விலகி ஓடிய அது சேற்றில் ஏறிச் சிக்கிக்கொண்டது.

ரோந்துப் படகில் வந்த அதிகாரி, யார் துரத்தியது என்று கேட்டார். "நான் வேண்டாம் என்றேன். இவன்தான் கேட்கவில்லை," என்று மலாயில் சொன்னேன். மைத்துனன் என்னைப் பார்த்தான். அவன் லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள்.

மாலையில் நீர் ஏறியதும் திமிங்கலம் தப்பிப் போனது. என் பயம் போகவில்லை. தொலைபேசி மணி அடித்தால், மைத்துனனோ அதிகாரியோ என்று எடுக்காமல் விட்டேன். பத்தாம் நாள் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். பிறகு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய், துரத்தச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது.

மன்னிப்புக் கேட்க அவன் வீட்டுக்குப் போனேன். அவனே கதவைத் திறந்தான்.

"வாங்க சார். உக்காருங்க," என்றான்.

அதன்பிறகு அவன் என்னை மாமா என்று கூப்பிட்டதில்லை.