தார்ப்பீப்பாவும் என் தாடையும்

சண்டைக் காலத்தில் உன்னிச்சையிலிருந்து டவுனுக்கு வேன் ஓட்ட எனக்குக் கண் தேவைப்படவில்லை. குழி எங்கே, கண்ணிவெடி வெடித்து மண் நிரப்பிய இடம் எங்கே என்பதெல்லாம் கைக்கு மனப்பாடம். வாவிக்கரைச் சென்றியில், வண்டிகளை மறித்துப் பார்க்கும் காவலரணில், ஆமிக்காரர் தார்ப்பீப்பாக்களைக் குறுக்கும் மறுக்குமாக வைத்திருப்பார்கள். இடம், வலம், இடம் என்று கை தன்பாட்டில் வளைக்கும். கண்ணை ஆமிக்காரனின் விரலுக்கென்று ஒதுக்கியிருந்தேன். அது துவக்கின் விசையில் கிடக்கிறதா, வெளியே கிடக்கிறதா என்று பார்ப்பதுதான் என் சாரதி வேலை.

அன்றைக்கு மனைவியின் தம்பிக்குப் புளியந்தீவில் கலியாண எழுத்து. மாப்பிள்ளை பக்கத்துச் சீட்டில், சேட்டு கசங்காமல் விறைத்துக்கொண்டு இருந்தான். மத்தியானத்துக்குள் போகாவிட்டால் பதிவுகாரர் எழும்பிப் போய்விடுவார். சென்றியில் பிடித்து வைத்தால் எழுத்தும் இல்லை. நாங்கள் திரும்பி வருவோமா என்பதும் நிச்சயமில்லை.

சென்றி வந்ததும் வழக்கம்போல இடப்பக்கம் வளைத்தேன்.

“அத்தான், பீப்பாவ மாத்தி வச்சிருக்கானுகள்.”

“தெரியும் மச்சான்,” என்றேன். தெரியாது. நேர் முன்னால் ஒரு பீப்பா. இதில் மட்டும் முட்டக் கூடாது என்று அதையே உற்றுப் பார்த்தேன். வேன் மரியாதையாக அதை நோக்கிப் போனது. பதறிப்போய் ஆமிக்காரனைப் பார்த்தேன். வேன் பீப்பாவை விட்டுவிட்டு அவனை நோக்கித் திரும்பியது. துவக்கு உயர்ந்தது. உயர்ந்த துவக்கிலிருந்து கண்ணை எப்படி எடுப்பது? பிரேக் என்று ஒரு சாமான் இருப்பதே எனக்கு ஞாபகமில்லை.

மச்சான் என் தாடையைப் பிடித்து, முடி வெட்டுகிறவன் மாதிரி வெடுக்கென்று வலப்பக்கம் திருப்பினான்.

“அவன என்னத்துக்குப் பாக்கிறீங்க? இடைவெளியப் பாருங்க.”

முகம் போன பக்கம் கையும் போனது. கால் அப்போதுதான் பிரேக்கைக் கண்டுபிடித்தது. வேன் இடைவெளியில் குலுங்கி நின்றது.

ஆமிக்காரன் ஓடி வந்தான். “குடிச்சதா?”

மச்சான் முந்திக்கொண்டான். “இல்ல சேர். இவருக்கு இண்டைக்குக் கலியாணம். அந்தப் பயம்.”

ஆமிக்காரன் என் வழுக்கையைப் பார்த்தான். தொப்பையையும் பார்த்தான். “பொம்பிள பாவம்,” என்று சொல்லிப் போகும்படி கையைக் காட்டினான்.

கியர் போட மூன்று தரம் தேட வேண்டியிருந்தது.

“கலியாணத்தையும் உங்களுக்குத் தந்தாச்சி அத்தான். இனி ரோட்டையாவது பாருங்க.”

புளியந்தீவுப் பாலம் தாண்டுமட்டும் அவன் என் தாடையை விடவில்லை. கையை எடு என்று நானும் சொல்லவில்லை.