மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவள்

மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போனால் புருஷனோடு சரியில்லை என்று அர்த்தமா என்ன? எதிர்வீட்டுத் தையல்காரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூங்குகிறாள். அவளுக்கும் கண்ணுக்கும் சண்டை என்று நாங்கள் யாராவது சொன்னோமா? என் மருமகள் காலையில் செருப்பை மாட்டுவாள், பையைத் தோளில் போடுவாள், கடைசியாக வாசல் அலமாரியில் இருக்கும் பீங்கான் கிண்ணத்தில் மோதிரத்தைப் போடுவாள். சாயங்காலம் வந்ததும் அதை எடுத்து மாட்டிக்கொண்டுதான் தண்ணீர் குடிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். தையல்காரியின் ஜன்னல் காலையில் திறந்திருக்கும். சாயங்காலம் வெயில் அடிக்கிறது என்று சாத்திவிடுவாள். கழற்றுவதை மட்டும் பார்த்தவள் மாட்டுவதைப் பார்க்கவில்லை. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

காரணம் ரொம்பச் சாதாரணம். அவள் ரசாயனம் படித்தவள். ஆனால் குடுவையில் ஊற்றிக் கலக்குகிற ரசாயனம் இல்லை, லேசரோடு வேலை. அகச்சிவப்பு என்று ஓர் ஒளி இருக்கிறதாம், கண்ணுக்கே தெரியாது. மோதிரத்தில் பட்டுத் தெறித்தால் பக்கத்தில் நிற்பவர் கண் போய்விடும். அந்த ஒளியைத் துணுக்குத் துணுக்காக அனுப்புவார்கள். முதல் துணுக்கு மூலக்கூறைப் போய் ஓர் உலுக்கு உலுக்கும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வரும் இரண்டாவது துணுக்கு, அது எப்படி ஆடியது என்று பார்த்துச் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "கண்ணை ஒரு தடவை இமைக்கிறது அதுக்கு ஒரு யுகம் அத்தை," என்றாள்.

ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். வளையலை வாங்கி வெளியே வைத்துவிட்டு, முகத்தில் பாதியை மறைக்கிற ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டாள். கறுப்புத் திரைக்குப் பின்னால் சாப்பாட்டு மேஜையைப் போல மூன்று பங்கு பெரிதாய் ஒரு மேஜை. காற்றின் மேல் மிதக்கிறதாம், தெருவில் லாரி போனால்கூட அதிராது. மேலே சின்னச் சின்னக் கண்ணாடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு பெட்டி. அதற்குள் உலர்ந்த காற்று ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் சாதாரணக் காற்றில் உள்ள ஈரம் அந்த ஒளியை விழுங்கிவிடும். நம் மூச்சே போதும் கெடுப்பதற்கு. அதனால் அவள் மூடியைத் தூக்குவதற்கு முன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கையை விட்டு, இரண்டு வில்லைகளுக்கு நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீரைச் சரிசெய்தாள். மூடிய பிறகுதான் விட்டாள். அவ்வளவு நேரமும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அந்தப் பழக்கம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. குக்கர் மூடியைத் தூக்கும்போதும் ஃபிரிட்ஜைத் திறக்கும்போதும் கன்னம் இறுகிவிடும். யாராவது கிட்டே வந்து முக்கியமாக ஏதாவது சொன்னால் அவர்கள் முடிக்கும்வரை மூச்சு விடமாட்டாள். தையல்காரி இதையும் பிடித்துக்கொண்டாள்.

"நான் பேச வந்தா மூச்சைப் பிடிச்சுக்கிறாங்க பெரியம்மா. நான் என்ன நாறுறேனா?"

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தாலும் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறாள் என்றேன். "அப்போ உங்க வீட்டு ஃபிரிட்ஜும் நானும் ஒண்ணா?" என்று கோபித்துக்கொண்டு, தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையைப் பத்து நாள் இழுத்தடித்தாள்.

இதெல்லாம் போகட்டும். பொய் எழுதி மாட்டிக்கொண்டதால் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று சொல்கிறார்களே, அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

என் மருமகள் ஒரு மூலக்கூறைப் பிடித்து வைத்திருந்தாள். தண்ணீரில் போட்டு உலுக்கினால் மற்றதெல்லாம் சட்டென்று ஆடி அடங்கிவிடும். இது மட்டும் மெதுவாக ஒரு பக்கம் மடங்கி, மெதுவாக விரிகிறது என்று கண்டுபிடித்தாள். அதற்கு 'சோம்பேறி' என்று பெயர் வைத்தாள். "சோம்பேறி இன்னைக்கு எழுந்திரிச்சுதா?" என்று என் மகன் சாப்பிடும்போது கேட்பான், அவளும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள். அதைப் பற்றி எழுதிய கட்டுரை பெரிய ஆய்விதழில் வந்தது. வெளியூர்களுக்குக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். அதை வைத்துத்தான் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு நிரந்தர வேலை தருவதாக இருந்தது. உத்தரவு மட்டும்தான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் ஒரு நாள் இயந்திரத்தைச் சரிபார்க்க வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்திருக்கிறாள். சோம்பேறி இல்லாத தண்ணீர். திரையில் அதே வளைவு, அதே நிதானம். வெறும் தண்ணீரை முன்பே பார்த்தவள்தான். ஆனால் அப்போது ஒளியைக் குறைத்து வைத்திருந்தாள். மூலக்கூறைப் பார்க்கும்போது நன்றாகத் தெரியட்டும் என்று கூட்டிக்கொண்டாள். இரண்டையும் ஒரே அளவு ஒளியில் வைத்துப் பார்க்க அன்றுவரை தோன்றவில்லை. தப்புத்தான். அவள் செய்த தப்புத்தான். அதை நான் மழுப்பவில்லை.

அன்று வந்து சமையலறை வாசலில் நின்றாள். மோதிரத்தை எடுத்து மாட்டியிருந்தாள், தண்ணீர் குடிக்கவில்லை. "சோம்பேறின்னு ஒண்ணு கிடையாது அத்தை. வெளிச்சம் பட்டு தண்ணி கொஞ்சம் சூடாயிருக்கு. அவ்வளவுதான்," என்றாள்.

துறைத்தலைவரிடம் மறுநாளே சொல்லிவிட்டாள். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. உத்தரவு கைக்கு வரட்டும், அப்புறம் ஓரமாக ஒரு திருத்தம் போட்டுக்கொள்ளலாம் என்றார். என் மகனும் அதைத்தான் சொன்னான். சோற்றைப் பிசைந்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"இத்தனை பேர் படிச்சாங்க. ஒருத்தரும் கண்டுபிடிக்கலையே. கொஞ்ச நாள் பொறுத்தா என்ன?"

"நான் கண்டுபிடிச்சுட்டேனே," என்றாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதிப் போட்டாள். நிரந்தர வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. இருந்த தற்காலிக வேலையையும் நீட்டிக்கவில்லை. பொய் எழுதி மாட்டிக்கொண்டவளையும் தப்பைத் தானே சொன்னவளையும் ஒரே கத்தரிக்கோலால் வெட்டினால் எப்படி என்று தையல்காரியிடம் கேட்டேன். "எப்படியோ வேலை போச்சுல்ல பெரியம்மா," என்றாள். வேலை போனது நிஜம்தான், ஆனாலும் அவள் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மருமகள் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தாள். மோதிரம் நாள் முழுக்க விரலிலேயே கிடந்தது. வாசல் கிண்ணத்தில் யாரோ சாவியைப் போட ஆரம்பித்தார்கள். எங்கள் எல்லோருடைய மூக்குக்கண்ணாடியையும் துடைத்து வைப்பாள். மெல்லிய தாளை மடித்து ஒரே ஓர் இழுப்பு, தாளைத் தூக்கி எறிந்துவிடுவாள். இரண்டாவது தடவை தேய்த்தால் கீறல் விழுமாம். டீக்கு வைத்த தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பாதி நாள் தண்ணீர் வற்றிப் பாத்திரம் காய்ந்துபோகும். நான் மறுபடி ஊற்றி வைப்பேன்.

பிறகு இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்று சோப்புக் கம்பெனி. வருகிற கொழுப்பும் எண்ணெயும் சுத்தமா என்று பார்த்துச் சொல்கிற பரிசோதனை அறைக்கு அவள்தான் தலைவி, ஓய்வு பெறும்வரை வேலை. இன்னொன்று ஊர்க்கோடியில் ஒரு சின்னக் கல்லூரி. அங்கே ஒரு பழைய லேசர் போர்வை மூடிக் கிடக்கிறது; அதைத் தட்டி எழுப்பவே ஒரு வருஷம் ஆகும். வேலையும் நிரந்தரமில்லை, மேலே இருப்பவர் இவளைவிட வயதில் சின்னவர். இரண்டுக்கும் ஒரே பஸ்தான் போகிறது. இரண்டு இடத்திலும் வருகிற திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள்.

"கம்பெனிக்கே போ. அங்க லேசரும் இல்ல, ஒண்ணும் இல்ல. மோதிரத்தைக்கூடக் கழட்ட வேண்டியதில்ல," என்றான் என் மகன். அவனுக்கும் தெருப்பேச்சு உள்ளே குத்தியிருக்கிறது, பாவம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பாக்கலாம்," என்று மட்டும் சொன்னாள். யாருக்கு என்ன பதில் சொன்னாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நானும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஏதாவது யோசனை சொல்லித் தொலைத்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை செருப்பை மாட்டினாள், பையைத் தோளில் போட்டாள். என் மகன் குளித்துக்கொண்டிருந்தான். எதிரே ஜன்னல் திறந்திருந்தது. தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. வரேன் அத்தை என்று சொல்லிப் படி இறங்கி, வெளிக்கதவுவரை போய்விட்டாள். விரலில் மோதிரம் அப்படியே இருந்தது.

கதவில் கை வைத்தவள் திரும்பி வந்தாள். மோதிரத்தைத் திருகினாள்; வீட்டில் இருந்த நாட்களில் விரல் கொஞ்சம் பருத்திருந்தது, மூட்டில் சிக்கிக்கொண்டது. எச்சில் தொட்டு வழித்து எடுத்தாள். கிண்ணத்தில் கிடந்த சாவியை எடுத்து ஓரமாக வைத்தாள். மோதிரத்தை அதில் போட்டுவிட்டுப் போனாள்.